மூச்சு எவ்வளவு? வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வழிகள்

“மலை ஏறினா யாருக்குத்தாங்க மூச்சு வாங்காது?”

தோட்டங்களில் மூச்சுக் கோளாறைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்களுக்கு முதலில் கிடைக்கிற பதில் இதுதான். பதிலில் பிழை ஒன்றுமில்லை. கொழுந்துக் கூடையையோ சாக்கையோ சுமந்துகொண்டு செங்குத்தான மலையில் ஏறினால் இருபது வயதுப் பிள்ளைக்கும் மூச்சு வாங்கும். போன வருஷம் மூச்சு வாங்காத இடத்தில் இந்த வருஷம் வாங்குகிறதா என்றுதான் நாங்கள் கேட்கிறோம். அதற்குப் பலராலும் பதில் சொல்ல முடிவதில்லை. யாரும் அதைக் கவனித்து வைப்பதில்லை.

நுரையீரலின் குணமும் அப்படித்தான். அன்றாட வேலைக்குத் தேவையானதைவிட நிறையக் கூடுதலான கொள்ளளவோடு அது அமைந்திருக்கிறது. ஆகவே புகையாலோ தூசியாலோ நோயாலோ அதில் ஒரு பங்கு கெட்டாலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. தெரியத் தொடங்கும்போதும் அதை நாம் மூச்சுக் குறைவு என்று நினைப்பதில்லை. நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்கிறோம். வளைவு வந்ததும் வெற்றிலை மடிக்க நிற்பதாகச் சொல்லி நிற்கிறோம். மேல் மலையை விட்டுவிட்டுக் கீழ் மலையில் நிரை கேட்டு வாங்கிக்கொள்கிறோம். திருவிழாவுக்குக் கோயில் படி ஏறாமல், “கீழேருந்தே கும்பிட்டுக்கிறேன்” என்கிறோம். கேட்டால் “வயசாகுதில்ல” என்ற பதில் தயாராக இருக்கும். வயது ஐம்பதுகூட ஆகியிருக்காது.

இப்படி மூச்சுக்குத் தக்கபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டே வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நாளில்தான் பலருக்கும் நோயின் பெயர் தெரியவருகிறது. விறகுப் புகையாலும் பீடி, சிகரட்டாலும் நாள்பட அழிந்துபோன நுரையீரல் பகுதியைப் புதிதாக்கும் மருந்து இல்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மருந்து உண்டு. ஆஸ்துமா என்கிற இழுப்பு நோயையோ காலத்தோடு பிடித்துவிட்டால் நன்றாகவே கட்டுப்படுத்தலாம். முன்கூட்டியே தெரிந்துகொள்ள உங்கள் வீட்டிலும் லயத்திலும் என்ன வழி உண்டு என்பதை இந்த இதழில் பார்ப்போம். இதில் பெரும்பாலானதற்குக் காசு செலவில்லை. ஒரு மணிக்கூடும், பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றும் இருந்தால் போதும்.

உங்கள் பாதைதான் முதல் அளவுகோல்

ஆஸ்பத்திரிகளில் நோயாளியை ஆறு நிமிடம் சமதரையில் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகிறார் என்று அளக்கும் பரிசோதனை உண்டு. நமது தோட்டங்களில் சமதரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! ஏற்றத்துக்கோ பஞ்சமே இல்லை. ஆகவே ஏற்றத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் நெடுநாளாக நடந்து பழகிய ஒரு பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பீலிக்கரையிலிருந்து லயம் வரையோ, லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரையோ, கோயில் படிக்கட்டோ, எதுவானாலும் சரி. மாதத்தில் ஒரு நாள், சுமை ஒன்றும் இல்லாமல், வழக்கமான நடையில் அதில் ஏறுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். காய்ச்சல், தடிமன் இருக்கும் நாளிலும் வேண்டாம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, எந்த இடத்தில் நிற்க வேண்டிவந்தது? மாமரத்தடியா, தண்ணித் தாங்கியடியா? இரண்டாவது, கூட வருகிறவரோடு முழு வசனமாகப் பேச முடிந்ததா, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்ததா? மூன்றாவது, மேலே போய் உட்கார்ந்த பிறகு மூச்சு பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் எடுத்தது? இதைக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் எழுதும்.

தை மாதம் நிற்காமல் ஏறியவர் ஆனி மாதம் தண்ணித் தாங்கியடியில் நிற்கிறார், ஆவணியில் அதற்கும் கீழே மாமரத்தடியில் நிற்கிறார் என்றால், அவரிடம் வேறு எந்தக் கருவியையும் காட்டத் தேவையில்லை. அவர் டொக்டரிடம் போக வேண்டும்.

இந்த மாதிரி நடையை வைத்து மூச்சை மதிப்பிடும் முறை ஒன்று உலகம் முழுக்க டொக்டர்மார் பாவிப்பதுதான். இதுவும் தொழிலாளரிடமிருந்தே பிறந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்த சார்ள்ஸ் ஃப்ளெட்சர் முதலான டொக்டர்மார், “உங்களுக்கு மூச்சு வாங்குமா?” என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை என்று கண்டு, ஐந்து படிகளாகக் கேள்வியைப் பிரித்தார்கள். கடுமையான வேலையில் மட்டும் மூச்சு வாங்குவது முதற்படி. சமதரையில் வேகமாக நடந்தாலோ சிறு ஏற்றம் ஏறினாலோ வாங்குவது இரண்டாம் படி. தன் வயதுக்காரரோடு சமதரையில் ஒத்து நடக்க ஏலாமல் பின்தங்குவது மூன்றாம் படி. நூறு மீற்றர் அளவு சமதரையில் நடந்ததும் நின்று மூச்சு வாங்குவது நான்காம் படி. உடுப்பு மாற்றவே மூச்சு முட்டுவது, வீட்டை விட்டு வெளியே வர முடியாமலிருப்பது ஐந்தாம் படி.

மலையில் வாழ்கிற நமக்கு இரண்டாம் படி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மூன்றாம் படியை யாரும் தள்ளிவிடக் கூடாது. உங்களோடு ஒன்றாகப் பேர் பதிந்து ஒன்றாக மலைக்குப் போனவர்கள் முன்னே போக நீங்கள் மட்டும் பின்னால் நிற்கிறீர்களா? உங்கள் வேலைக்கூட்டத்தைவிடச் சரியான ஒப்பீடு எங்கும் கிடைக்காது. பின்தங்குகிற அக்காவைக் கேலி செய்வதை விட்டுவிட்டு, “என்னாக்கா, மூச்சு முட்டுதா?” என்று கேட்பது பெரிய உதவி.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

இதை நீங்களே உங்களுக்கு எண்ணாதீர்கள். எண்ணுகிறோம் என்ற நினைப்பு வந்ததுமே மூச்சின் வேகம் மாறிவிடும். வீட்டிலுள்ள இன்னொருவர், நீங்கள் ஐந்து பத்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் எண்ண வேண்டும். நெஞ்சோ வயிறோ ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் இருக்கிற மணிக்கூட்டை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது அவசரத்துக்கு உதவும், ஆனால் பிழை வரும்.

வளர்ந்தவர்களுக்கு ஓய்விலிருக்கும்போது 12 முதல் 20 வரை இருக்கும். எப்போது எண்ணினாலும் 20க்கு மேல் இருந்தால் டிஸ்பென்சரி ஐயாவிடம் சொல்லுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே போக வேண்டும். 30ஐத் தொட்டால் அவசரம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. இதைத் தாய்மார் மட்டுமல்ல, பிள்ளை மடுவத்தில் பொறுப்பாக இருப்பவர்களும், பேரப்பிள்ளையை வைத்திருக்கிற பாட்டிமாரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இருமலோ காய்ச்சலோ உள்ள பிள்ளைக்கு, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதென்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு இருந்தால் அது வேகமான மூச்சு. நியுமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். பிள்ளை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக் கூடாது. தூங்கும்போது, சட்டையை உயர்த்தி, வெளிச்சத்தில் வயிற்றைப் பார்த்து எண்ணுங்கள். கைக்குழந்தை என்றால் இரண்டாம் முறையும் எண்ணிப் பாருங்கள். பச்சைக் குழந்தைகளின் மூச்சு சில நேரம் ஓடி ஓடி நிற்கும் தன்மையுடையது.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி, விலா எலும்புக்குக் கீழே, உள்ளே குழிந்து போகிறதா? அப்படிக் குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். “விடிஞ்சதும் பாப்போம்”, “கொத்தமல்லித் தண்ணி குடுத்துப் பாப்போம்” என்ற பேச்சும் வேண்டாம். இரவோ பகலோ, ஆஸ்பத்திரி.

ஒரே மூச்சில் எத்தனை எண்ணலாம்?

நேராக உட்கார்ந்து, முடிந்தவரை ஆழமாக மூச்சை இழுங்கள். பிறகு சாதாரணக் குரலில், ஒரே சீராக, இடையில் மூச்சு இழுக்காமல் எண்ணுங்கள். செக்கனுக்கு இரண்டு என்ற வேகம் இருக்கட்டும். தமிழில் பத்தைத் தாண்டினால் சொல் நீண்டுவிடுகிறது. “பதினேழு”, “இருபத்துநாலு” என்று சொல்லிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை குறைந்துதான் வரும். ஆகவே ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி, ஒரு விரலை மடித்து, திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சுகதேகியான வளர்ந்தவர் நாற்பதை நெருங்குவார், தாண்டுபவரும் உண்டு. பதினைந்து இருபதோடு மூச்சு நின்றுவிட்டால் அது மிகக் குறைவு.

பக்கத்து வீட்டு அண்ணன் ஐம்பது எண்ணினார், நமக்கு முப்பத்தைந்துதான் வந்தது என்று கவலைப்பட வேண்டாம். ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் தாம் செய்த கருவியில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை ஊதவைத்து, 1846இல் அதன் விபரத்தை வெளியிட்டார். உயரம் கூடியவருக்கு மூச்சின் கொள்ளளவும் கூடுதல், வயது ஏற ஏற அது குறையும் என்பதை அன்றே காட்டினார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் குழாயில் ஊதவைத்துச் செய்கிற ஸ்பைரோமீட்டர் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். ஆகவே உங்கள் எண்ணிக்கையை உங்களது பழைய எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை, மூன்று தடவை எண்ணி, கூடியதை எழுதுங்கள்.

மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. ஆழமாக மூச்சை இழுத்து, வாயை அகலத் திறந்து, முழு வேகத்தோடு கடைசிவரை வெளியே விடுங்கள். பக்கத்திலிருப்பவர் காற்றுச் சத்தம் எத்தனை செக்கன் கேட்கிறதென்று பார்க்கட்டும். நல்ல மூச்சுக்குழாய் உள்ளவருக்கு மூன்று நான்கு செக்கனில் வெளியேறிவிடும். ஆறு செக்கன் தாண்டியும் “ஸ்…” என்று வந்துகொண்டிருந்தால் காற்று வெளியேற வழி நெருக்கமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ ஒப்பரேஷன் செய்தவர்கள், சளியில் இரத்தம் வருகிறவர்கள் இப்படிப் பலமாக ஊதக் கூடாது.

மூச்சை அடக்கிப் பார்க்கும் சோதனையை நாங்கள் சொல்லவில்லை. 2020இல் கொரோனா வந்த நேரம், பத்து செக்கன் மூச்சை அடக்க முடிந்தால் நோய் இல்லை என்று ஒரு செய்தி போனுக்குப் போன் சுற்றியது பலருக்கும் ஞாபகமிருக்கும். அதில் உண்மை இல்லை. மூச்சை அடக்குவது பெரும்பாலும் மனத்திடத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது. நோயுள்ளவரும் அடக்குவார்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இல்லாத ஒரு விஷயம் தொழிற்சாலையில் உள்ளவர்களுக்கு உண்டு. தேயிலைத் தூசி. பச்சைக் கொழுந்து வாட்டும் தட்டில் அது பெரிதாக இல்லை. காய்ந்த தேயிலையைச் சலிக்கும் இடத்திலும், பஞ்சு போலப் பறக்கும் மென்மையான துகளைப் பிரிக்கும் இடத்திலும், சாக்கில் அடைக்கும் இடத்திலும்தான் மூக்கும் கண் இமையும் மஞ்சளாகும்படி பறக்கும். தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வரும் என்பது வீண் பேச்சல்ல. நமது நாட்டின் நெஞ்சுநோய் நிபுணரான டொக்டர் சி. ஜி. ஊரகொட 1970இலேயே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி இங்கிலாந்தின் மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்.

இந்த இழுப்பு எளிதில் பிடிபடாது. வேலை நேரத்தில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, நடுச்சாமத்தில் இருமலும் இழுப்பும் வரலாம். “பனியால வருது” என்று நினைப்போம். ஆகவே வேலை நாளையும் ஓய்வு நாளையும் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை, போயா, திருவிழா விடுமுறை ஆகிய நாட்களில் குறைந்து, வேலைக்குத் திரும்பிய இரண்டு மூன்று நாளில் மறுபடி கூடுகிறதா? இரண்டு நாள் ஓய்வு போதாமல் ஒரு கிழமை லீவில்தான் குறைகிறவர்களும் உண்டு. கொப்பியில் ஒவ்வொரு நாளும் “வேலை” அல்லது “லீவு” என்று எழுதி, இரவு இருமல் வந்ததா, எத்தனை முறை எழும்பினீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

இதற்கு உதவுகிற கருவி ஒன்று உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்பார்கள். ஒரு முழம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய், மேலே அளவுக்கோடு, அதில் நகரும் முள். பற்றரியும் இல்லை, கரண்டும் வேண்டாம். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் ஆய்வில் இருந்த மார்ட்டின் ரைட் என்பவர் உருவாக்கிய பெரிய கருவியின் விபரம் 1959இல் வெளியானது. அதன் சிறிய வடிவம்தான் இன்று வீட்டில் பாவிப்பது. ஆஸ்துமா உள்ளவருக்கு இது தேவையா என்று கிளினிக் டொக்டர் சொல்வார். மருந்துக் கடையில் வாங்கலாம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து கருவியை வாங்கினாலும், வாய்வைக்கும் துண்டு ஆளுக்கொன்று தனியாக இருக்க வேண்டும்.

பாவிக்கும் விதம் இதுதான். முள்ளைக் கீழே இறக்குங்கள். எழும்பி நில்லுங்கள். ஆழமாக மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, சட்டென்று, ஓங்கி, ஒரே ஊதாக ஊதுங்கள். பிறந்தநாள் கேக் மெழுகுதிரியை ஊதுவது போல நீட்டி ஊத வேண்டியதில்லை. முதல் வேகம்தான் கணக்கு. துப்புவது போல நாக்கால் தள்ளினால் பொய் அளவு காட்டும். மூன்று முறை ஊதி, கூடிய அளவை மட்டும் எழுதுங்கள். காலையில் எழும்பியதும் ஒன்று, மாலையில் ஒன்று. மருந்துப் பம்பு இழுப்பதற்கு முன் ஊத வேண்டும்.

நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் இரண்டு கிழமையில் கிடைக்கிற மிகக் கூடிய அளவுதான் உங்கள் சொந்தச் சிறந்த அளவு. அது 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு எண்பது, அதாவது 320க்கு மேல் இருந்தால் நல்லது. 320க்கும் 200க்கும் இடையே இறங்கினால் டொக்டர் எழுதித் தந்தபடி மருந்தைக் கூட்ட வேண்டிய நேரம், கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. 200க்குக் கீழே போனால் நிவாரணப் பம்பை இழுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதும் ஆஸ்துமா கட்டுப்படவில்லை என்பதற்கு அடையாளம்.

தொழிற்சாலையில் உள்ளவர் வேலையால்தான் இழுப்பு வருகிறதா என்று காட்ட வேண்டுமானால், ஒரு நாளைக்கு நான்கு முறையாவது, மூன்று நான்கு கிழமைக்கு, லீவு நாளும் சேர்த்து ஊதி எழுத வேண்டும். சிரமம்தான். ஆனால் வேலை நாளெல்லாம் கீழே, லீவு நாளெல்லாம் மேலே என்று வரிசையாக எழுதிய தாளை டொக்டர் முன் வைத்தால், சலிக்கும் அறையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றும்படி கடிதம் கேட்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாய்ப்பேச்சாக “தூசி ஒத்துக்கலைங்க” என்றால் துரைமாரும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

நிவாரணப் பம்பு, அதாவது சல்பியூட்டமோல் உள்ள நீலநிறப் பம்பு, பற்றியும் ஒரு சொல். அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை பாவிக்கிறீர்கள் என்பதே ஒரு அளவுகோல். கிழமைக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. உடனே சுகம் தருகிறது என்பதற்காக அதையே நம்பி, நாளாந்தம் இழுக்கச் சொன்ன தடுப்புப் பம்பை அலுமாரிக்கு மேல் வைத்துவிடுகிற வீடுகள் ஏராளம். இழுப்பை உண்மையில் அடக்குவது தடுப்புப் பம்புதான்.

விரலில் மாட்டும் கருவி

கொரோனா காலத்துக்குப் பிறகு விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி பல வீடுகளுக்கு வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் இது மூச்சின் கொள்ளளவைக் காட்டாது. இழுப்பு கடுமையாகி வரும்போதும் நெடுநேரம் நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். “98 காட்டுது, பயமில்லை” என்று மூச்சுத் திணறுகிறவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கருவியை விட்டு ஆளைப் பாருங்கள்.

மலையிலிருந்து வந்ததும் விறைத்த கையில் மாட்டினால் பிழையாகக் காட்டும். கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு, மருதோன்றி இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிடம் அசையாமல் இருந்து பாருங்கள். கறுத்த தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கொழும்பை விட இரண்டொரு புள்ளி குறைந்திருந்தால் அது நோயல்ல. 92க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி. நாள்பட்ட நுரையீரல் நோயாளருக்கு எந்த அளவு பரவாயில்லை என்பதை அவரது டொக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரலால் அல்ல

மேலே சொன்ன அளவுகள் மூச்சு குறைகிறது என்று காட்டும். எதனால் என்று காட்டாது. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்க மிகச் சாதாரணமான காரணம் இரத்தசோகை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளிறியிருக்கும், நாக்கும் வெளிறும், நெஞ்சு படபடக்கும். ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மிட்வைஃப் அம்மா தருகிற இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வைக்க வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் இருதயத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இராவியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மாவட்ட மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் ஒழுங்காக மருந்தெடுத்தால் குணமாகிற நோய் இது. லயத்தில் சனம் என்ன சொல்லும் என்ற வெட்கத்தில் மறைத்து, அதே காம்பிராவில் படுக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அளந்துகொண்டிருக்கக் கூடாத நேரம்

ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குதல், உதடும் நாக்கும் நீலமாகுதல், தூக்கக் கலக்கம் போல மயங்குதல், பம்பு இழுத்தும் சுகமில்லாமை, திடீரென்று நெஞ்சுவலியோடு மூச்சு அடைத்தல், குழந்தை பால் குடிக்க மறுத்தல். இவற்றில் ஒன்றிருந்தாலும் கொப்பியை மூடிவிடுங்கள். சத்தமாக இழுத்துக்கொண்டிருந்த இழுப்பு, ஆள் களைத்த நிலையில், சத்தமில்லாமல் அடங்கினால் அது சுகமானதற்கு அடையாளமல்ல. காற்றே போகவில்லை என்று பொருள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. உங்கள் லயத்துக்கு வாகனம் வராவிட்டால், எந்தச் சந்தியில் வந்து நிற்க வேண்டும் என்பதை இன்றே பேசி முடிவு செய்து வையுங்கள். சிக்னல் கிடைக்கிற இடம் எது என்பதும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

கிளினிக் போகும்போது

கிளினிக்குக் போனால் ஒரு நாள் பேர் போகும் என்ற கணக்கு எங்களுக்குத் தெரியாததல்ல. விடிய ஐந்து மணிக்கு எழும்பி பஸ் பிடித்துப் போய், டொக்டர் முன்னால் உட்காரக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் “மூச்சு வாங்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பேர் போனதுதான் மிச்சம். “தை மாசம் கோயில் வரைக்கும் நிக்காம ஏறினேன், இப்ப பாதியில நிக்கிறேன். ராவைக்கு ரெண்டு வாட்டி இருமி எழும்புறேன். லீவு நாள்ல வராது. நீலப் பம்பு கிழமைக்கு அஞ்சு வாட்டி இழுக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். டொக்டர் நிமிர்ந்து பார்ப்பார். அடுப்பு எங்கே இருக்கிறது, புகைபோக்கி உண்டா, வீட்டில் யார் பீடி குடிக்கிறார்கள், எத்தனை வருஷம் எந்த இடத்தில் வேலை செய்தீர்கள் என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். டொக்டர் மாறி மாறி வந்தாலும் கொப்பி மாறாது.

பம்பு தந்திருந்தால், இழுக்கும் விதம் சரியா என்று அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். பலர் வாய்க்குள் அடித்துத் தொண்டையோடு விட்டுவிடுகிறார்கள். கிளினிக் துண்டையும் கொப்பியையும் பம்பையும் ஒரே பையில் போட்டு, அவசரத்தில் இருட்டிலும் கை படுகிற மாதிரி, கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள்.